காலித் தட்டு

குறைமாதக் குழந்தைகளுக்கு மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு ஊசி உண்டு. நுரையீரலைத் தாக்கும் வைரஸ் அண்டாமலிருக்கப் போடுவது. எடைக்குத் தக்க அளவு என்பதால் நர்ஸ் கஸ்தூரி முதலில் எடை பார்ப்பாள். தட்டைத் துடைத்து, பேப்பர் விரித்து, மெஷினில் பூஜ்யம் வந்த பிறகுதான் குழந்தையைக் கையில் வாங்குவாள்.

ஜூலையில் ஜோகுபாளையத்திலிருந்து சஹானா மகனைக் கொண்டுவந்தாள். இரட்டையரில் மூத்தவன். இளையவன் பிறந்த பதினோராம் நாள் அதே வைரஸில் போய்விட்டிருந்தான்.

மூத்தவன் 2100 கிராம் இருந்தான். அவனைத் தூக்கிய பிறகும் தட்டு 900 காட்டியது. கஸ்தூரி பூஜ்யத்தை அழுத்தினாள். மறுபடி 900.

"பேட்டரி வீக்கா இருக்கும்மா."

சஹானா தட்டையே பார்த்தாள். "சின்னவன் அவ்வளவுதான் இருந்தான், சிஸ்டர்."

அன்று வந்த மற்ற குழந்தைகளுக்கு மெஷின் சரியாகவே காட்டியது. இருந்தாலும் கஸ்தூரி சொல்லிப் புது மெஷின் வாங்கி வைத்தார்கள்.

ஆகஸ்டில் மூத்தவனைத் தூக்கியபோது காலித் தட்டு 1460 காட்டியது.

"பரவால்ல, ஏறியிருக்கான்" என்றாள் சஹானா. ஊசி போட்டதும் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. எண் அப்படியே நின்றது. கஸ்தூரிக்குத் தொண்டையில் கரகரப்பு. இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அவள் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிவிட்டு, தட்டைவிட்டு நாலடி தள்ளிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இருமினாள்.