கால் முளைத்த பாம்பு

“அதை அங்கிட்டுத் திருப்பி வையித்தா. அந்தப் பாம்பு என்னையவே பாக்குது” என்று ஒச்சாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கொழுந்தன் பெண்டாட்டி சோணையம்மாள் ஓடிவந்து, மாடத்திலிருந்த சீனத்துப் பீங்கான் ஜாடியைத் திருப்பி வைத்தாள். அதில் எழுதியிருந்த பாம்பின் தலை போய் வால் வந்தது, அவ்வளவுதான். பச்சை உடம்பு, மீசை, நாலு காலிலும் பருந்து நகம். சுற்றிலும் ரோஸ் பூக்கள், பூவுக்குப் பூ நடுவே சிவப்பு வவ்வால்கள்.

மாமனார் மொக்கைச்சாமி ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த ஜாடி அது. அங்கே ஒரு சீனாக்காரன் வீட்டில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருந்ததாம். வண்டியூரில் கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள்கூட, வெற்றிலை பாக்கை வைத்த கையோடு ஜாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மாமனார் காலமாகி, அண்ணன் தம்பி பாகம் பிரிகிற நேரம் இது. வயலைப் பிரித்தாகிவிட்டது, வீட்டுக்கு நடுவே சுவரும் வைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது கறவை எருமையும் இந்த ஜாடியும்தான்.

அந்தக் குடும்பத்து வழக்கம், மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். ஒச்சாயியின் புருஷன் நல்லகாமன் மூத்தவன். ஆக, ஜாடி யாருக்கு என்பது தம்பி வீரணன் வாயில் இருந்தது. வீரணனின் வாயோ சோணையம்மாள் கண்ணசைவில் இருந்தது.

சங்கதி என்னவென்றால், ஒச்சாயிக்கு அந்த ஜாடி என்றால் உசிர். ஆளில்லாத நேரம் பார்த்து ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டிருப்பாள். சாயமெல்லாம் பீங்கானுக்கு மேலே மேடு தட்டி நிற்கும். ஒரு தடவை அவள் நகம் பட்டு ஒரு இதழின் ஓரம் பொருக்காக உதிர்ந்துவிட்டது, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் சித்திரைத் திருவிழா முடிந்ததிலிருந்து ஜாடியைக் கண்டு நடுங்கினாள். கால் முளைத்த பாம்பு இருக்கிற வீட்டில் பிள்ளை தங்காதாம். வவ்வால் அடைகிற வீடு பாழ்வீடுதானே, சீனாக்காரன் சும்மாவா தூக்கிக் கொடுத்திருப்பான் என்று ஓயாமல் ஓதினாள். மசக்கையாயிருந்த சோணையம்மாளின் முகம் கேட்கக் கேட்கச் சுண்டிப்போனது.

நல்லகாமனுக்குத்தான் மனசு ஆறவில்லை. “எருமைய அவனுக்கு விட்டுட்டு, ஜாடியிலயா பால் கறப்ப?”

“நீங்க கூறு மட்டும் போடுங்க, போதும்.”

பாகம் பிரிக்கிற அன்று ஊர்ப் பெரியவர் மலைச்சாமி வந்து நடுவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் எருமை, அந்தப் பக்கம் ஜாடி என்று நல்லகாமன் கூறு போட்டான். கூறு போடத் தெரியாத ஆளாயிருக்கியேப்பா என்று பெரியவரே சிரித்துவிட்டார். வீரணன் பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் எருமையைப் பார்த்தாள்.

“எருமைய எடுத்துக்கிறேண்ணே” என்றான் வீரணன்.

ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் அந்தப் பீடை என் தலையிலேயே வந்து விடிந்ததே என்று ஊர் கேட்கப் புலம்பினாள். உள்ளுக்குள் குலவை போட்டாள்.

புதுப் பக்கத்தில் தனி உலை வைக்கத் திங்கட்கிழமை நாள் குறித்தார்கள். அதற்குள் ஆத்தா வீட்டுக்குத் திருவாதவூர் போய்வரக் கிளம்பினாள் ஒச்சாயி. கட்டிய வேஷத்தை ஊர் பார்க்கப் பாதியில் கலைக்க முடியுமா?

“ஏத்தா, நான் வாரதுக்குள்ள அதைத் துணியில சுத்தி வச்சிரு. அந்தப் பாம்பு என் கண்ணுல படவே வேணாம்.”

சோணையம்மாள் தலையாட்டினாள், கண் கலங்கியிருந்தது. பால் நமக்கு, பாம்பு மட்டும் அக்காவுக்கா என்று அவள் புருஷனிடம் மருகியதும் ஒச்சாயி காதில் விழுந்தது. சிரிப்பை அடக்க ஒரு வெற்றிலையை மடித்து வாயில் திணித்துக்கொண்டு வண்டி ஏறினாள்.

திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கியபோது, பழைய சேலையில் சுற்றிக் கயிறு கட்டிய ஜாடி அவள் பாகத்து வாசலில் தயாராயிருந்தது. பக்கத்திலேயே சோணையம்மாள் நின்றாள். அவள் விரலெல்லாம் ஒரே கீறல். எருமைக்குக் கொட்டம் கட்டிய கை போல, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் ஒச்சாயி.

முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜாடியைத் தூக்கி, பிள்ளையை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டியது, சேலையை அவிழ்க்க வேண்டியது, அப்புறம் ஒவ்வொரு பூவாக.

சோணையம்மாள் அவள் தோளைத் தொட்டாள்.

“இனிப் பயப்படாம இருங்கக்கா. அம்புட்டையும் அரிவாளால சுரண்டி, செங்கப்பொடி போட்டுத் தேச்சு எடுத்துட்டேன்.”