சேவலுக்குப் பதிலாக

"சேவல் அறுக்காம அதை ஓட்டாதீங்க சார். ஆத்தா ரத்தம் பார்க்காம அடங்க மாட்டா."

துலுக்கானம் இப்படிச் சொன்னதும், பெருக்கிக்கொண்டிருந்த நாகவல்லியின் கை அப்படியே நின்றுவிட்டது. அம்பத்தூரில் உள்ள அந்தப் பட்டறைக்கு மூத்த ஃபிட்டர் அவர். அவர் கை காட்டிய, தகட்டை அடித்து அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவன் அவள் புருஷன் வெற்றிச்செல்வன்.

போன வாரம் வெற்றி லீவு போட்ட அன்றைக்கு, அவன் இடத்தில் உட்கார்ந்த இருதயராஜின் இரண்டு விரல்களை அந்த மெஷின் நசுக்கிவிட்டது. அன்றோடு நிறுத்தியதை இன்றுதான் மறுபடி ஓட்டப்போகிறார்கள்.

"அண்ணா, விரல் போனது, கை உள்ள போனா மெஷினை நிறுத்துற சென்சார் கெட்டதால. புதுசு மாட்டியாச்சு. மத்தியானம் தகடு லாரி வந்துரும், அதுக்குள்ள ஓட்டிப் பார்த்தாகணும்" என்றான் மேனேஜர் விக்ரம். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன்.

"ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சேவல் அறுப்போம். இந்த வருசம் நீங்கதான் வேணாம், பூசணிக்காய் போதும்னுட்டீங்க. இப்ப இன்னா ஆச்சி பார்த்தீங்களா? காவு கேக்குது."

"காவுன்னா என்னங்கண்ணா? நம்ம ஆணவம். அதைத்தான் சாமி கேக்குது. பூசணிக்காய் ஒரு அடையாளம். தலை மாதிரி இருக்குதில்ல? நம்ம ஆணவத்தைப் போட்டு உடைக்கிறோம், அவ்வளவுதான். அம்மன் நிஜமாவே வந்து ரத்தம் குடிக்குமா?"

"நீங்க படிச்சவரு சார், அடையாளத்தைக் காட்டினா அடங்கிடுவீங்க. பசியில கீறவளுக்குச் சோத்துப் படத்தைக் காட்டினா வுடுவாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே ஓடிப்போய் புருஷனுக்கு போன் போட்டாள்.

"மாமா, இன்னிக்கு வேலைக்கு வராத."

"ஏன் நாகு? காத்தால நீதான் சீக்கிரம் வான்னு சொல்லிட்டுப் போன?"

"மெஷினு காவு கேக்குதாம்."

"கேக்கறதுக்கு அதுக்கு வாயி கீதா? கேட்டா ரெண்டு வடை வாங்கிப் போடு."

"வெளயாடாத மாமா. பாப்பா மேல சத்தியம். நான் சொல்ற வரைக்கும் ஊட்டை வுட்டு எறங்காத."

அவன் சிரித்தான். ஆனால் சரி என்றான்.

பூஜை ஆரம்பித்தது. விக்ரமே பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி மெஷினைச் சுற்றினான். கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ரோட்டில் ஓங்கிப் போட்டான். மண்டை பிளந்த மாதிரி ஒரு சத்தம். வெள்ளைச் சதையும் சிவப்புத் தண்ணியுமாகச் சிதறியது.

"அக்கா, இது ரோட்டுல கிடக்கக் கூடாது. உடனே பெருக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு விக்ரம் உள்ளே போனான்.

துலுக்கானம் அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "இதையாவது அது எடுத்துக்கட்டும் தாயி. படைச்சதை அது எடுத்துக்கறதுக்கு முன்னாடி அள்ளிட்டா, வேற கேக்கும்."

நாகவல்லி துடைப்பத்தோடு வெகுநேரம் கேட்டருகே நின்றிருந்தாள். பிறகு உள்ளே வந்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவள் புருஷன் உட்காரும் இடத்தில் விக்ரமே உட்கார்ந்திருந்தான். டம் என்று ஒவ்வொரு அடி விழும்போதும் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறி அவள் நெஞ்சுக்கு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினாள். திறந்ததும் விக்ரமின் விரல்களைத்தான் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

கடைசியில் விக்ரம் ஒரு மரக்குச்சியை உள்ளே நீட்டினான். பாதியில் அப்படியே நின்றது மெஷின்.

"பார்த்தீங்களாண்ணா? அடங்கிருச்சு."

துலுக்கானமே கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா மனசு எறங்கிட்டா. பூசணிக்காயே போதும்னுட்டா போல."

நாகவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மாமா, வா. ஒண்ணியும் ஆவல. அடங்கிடுச்சி."

"நான்தான் சொன்னேன்ல? தோ, வண்டிய எடுத்துட்டேன். உனக்கு ரெண்டு வடை, மெஷினுக்கு ரெண்டு வடை."

அவளும் சிரித்துவிட்டாள். டீ வந்தது. குடித்தாள். தகடு லாரி கேட்டுக்குள் திரும்புகிற ஹாரன் சத்தம் கேட்டது.

அந்த ஹாரன் நிற்பதற்குள் ஒரு பைக் சர்ரென்று சறுக்கும் ஓசை. லாரியின் பிரேக் கிரீச்சிட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் ஓடியவன் விக்ரம்.

"ஐயோ, வெற்றி!" என்று அலறினான். அடுத்த நொடி அவன் குரல் உடைந்து பட்டறை முழுக்கக் கேட்டது. "பெருக்கச் சொன்னேனே! யாரு இதைப் பெருக்காம விட்டது?"

எல்லோரும் ஓடினார்கள். நாகவல்லி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்த துடைப்பத்தில் ஒரு பூசணி விதைகூட ஒட்டியிருக்கவில்லை.