சோப்புப் பட்ட சட்டி

அடுப்பின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மாமியார் இடெல்லாவின் கனத்த இரும்புச்சட்டியில் மாவு பொங்கிப் பீச் பழத் துண்டுகளை மூடுகிறது. ஓரமெல்லாம் வெண்ணெய் சடசடக்கிறது. புது மருமகள் வெர்லீன் குனிந்து குனிந்து அதையே பார்க்கிறாள். நாற்பது வருஷ எண்ணெய் ஏறிக் கருகருவென்று மினுங்கிய சட்டியை, நல்லது செய்வதாக நினைத்துக் காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தவள் அவள்தான். இனி எல்லாம் அடியில் ஒட்டிக்கொள்ளும். சர்ச் முடிந்து வந்த சொந்தக்காரர்களின் சிரிப்பு முன்கூடத்தில் கேட்கிறது. இடெல்லா துடைத்த கரண்டியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாள். "அத்தை, அந்தச் சட்டிய நான்..." "தெரியும்டி. வெண்ணெய ரெண்டு மடங்கா போட்டிருக்கேன், ஒட்டாது," என்கிறாள் திரும்பிப் பார்க்காமலே. "அவங்க முன்னாடி வாயத் தொறக்காத. எல்லாரும் கெளம்பட்டும், அப்புறம் இருக்கு ஒனக்கு."