எட்டு மணி ஏழு நிமிடம்

"யாருய்யா எழுதினது இது?" என்று இன்ஸ்பெக்டர் மொட்டை மாடியில் ஒரு நோட்டைக் காட்டி மறுபடியும் கேட்டார்.

"நான்தாங்க, ஐயா," என்றான் நிஜாமுதீன்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்து, படியில் தூக்காத குறையாக மேலே கொண்டுவந்திருந்தார்கள். அவன் மனைவி ஜஹானாரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிக் கதவின் பின்னால் நின்றாள்.

1942, மே பன்னிரண்டாம் தேதி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸிலிருந்து ஜனங்கள் பெட்டி படுக்கையோடு திருச்சிக்கு வந்துகொண்டிருந்த சமயம். ராத்திரியில் விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. மதுரை ரோட்டுச் சந்தில் தையல்காரர் நிஜாமுதீன் வீட்டு மாடியில் தினமும் விளக்கு ஆடுகிறது, விமானத்துக்கு ஜாடை காட்டுகிறார்கள் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள்.

வந்து சோதனை போட்டதில் அரிசிப் பானைக்குப் பின்னால் அந்த நோட்டு கிடைத்தது. பக்கம் பக்கமாகத் தேதியும் மணியும். வேறொன்றும் இல்லை.

"ஏப்ரல் பன்னிரண்டு, பத்து ஏழு. ஏப்ரல் பதிமூணு, பத்து மூணு. நேத்து எட்டு பதினொண்ணு. என்ன கணக்கு இது? ரயில் நேரமா?"

"நட்சத்திரங்கய்யா. நாங்க சுஹைல்னு சொல்லுவோம். நீங்க அகத்தியர் நட்சத்திரம்னு சொல்றது. மார்கழியில ராத்திரி எட்டு மணிக்குத் தென்கிழக்கே கிளம்பும். மாசியில ஒம்போது மணிக்கு நேர் தெக்கே, நல்லா உச்சத்துல நிக்கும். அப்புறம் தினம் நாலு நிமிஷம் முந்தி மறையும், எழுதியிருக்கறது அந்த மணிதாங்க. இந்த மாசக் கடைசியில சுத்தமா காணாமப் போயிடும். ஆடிக் கடைசியில விடியக்காலம் திரும்பி வரும். மணி பாக்கத்தான் விளக்குங்க. வேற ஒண்ணுமில்ல."

ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான். ஜஹானாராவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அப்ப இன்னிக்கு எப்ப மறையும்?"

"எட்டு மணி ஏழு நிமிஷத்துக்குங்க."

"எங்க இருக்கு? காட்டு."

அவள் பயந்துகொண்டிருந்ததே இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

நிஜாமுதீன் மெதுவாகக் கையை நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் அந்த விரல் போன திக்கில் பார்த்தார். "அங்க பள்ளிவாசல் மினாராதானே இருக்கு?"

அவன் கை கொஞ்சம் இடது பக்கம் போனது. அங்கே வெறும் இருட்டு. ஒரு கான்ஸ்டபிள் லத்தியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஜஹானாரா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்நிய ஆண்கள் மூன்று பேர் எதிரே நிற்க, புருஷன் மணிக்கட்டைப் பிடித்து வலது பக்கம் திருப்பினாள்.

"பயத்துல கை நடுங்குதுங்க அவருக்கு. அந்த ரெட்டைப் பனைக்கு மேல பாருங்க, ஐயா."

புத்தூர்ப் பக்கத்துப் பனைகளுக்கு ஒரு விரல் உயரத்தில் அது இருந்தது. சிவப்பும் நீலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. நிஜமாகவே யாரோ தூரத்தில் விளக்கை ஆட்டுவதுபோல.

இன்ஸ்பெக்டர் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காட்டுவாருங்க," என்றாள்.

அவர் பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். கான்ஸ்டபிள் டார்ச்சைக் கையால் மறைத்து வெளிச்சம் காட்டினான்.

நட்சத்திரம் பனை உயரத்துக்கு இறங்கியது. மங்கிச் சிவந்தது. எட்டு ஏழு ஆனது. மறையவில்லை.

எட்டு எட்டு. ஓலைகளுக்கு நடுவில் இன்னும் ஒரு பொட்டு மினுங்கியது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

எட்டு ஒன்பது. இல்லை.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பாக்கெட்டில் போட்டார். பிறகு நோட்டை நிஜாமுதீன் மார்பில் வைத்து அழுத்தினார்.

"உங்க வீட்டுக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் மெதுவா ஓடுது. சரி பண்ணிக்கோ. இனிமே மாடியில விளக்கு வந்துது, உள்ள போட்டுடுவேன்."

பூட்ஸ் சத்தம் படியில் இறங்கி, சந்தைத் தாண்டி, அடங்கிப்போனது. நிஜாமுதீன் நோட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

ஜஹானாரா வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"இப்படி வாங்க. இன்னும் நாலு அடி. அப்புறம் படி."

பிறந்ததிலிருந்தே அவனுக்கு மாலைக்கண். பொழுது சாய்வதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். இந்த முப்பத்தொரு வயதுக்குள் அவன் ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக அந்த நோட்டில் எழுதியது அவள். எழுதியதை அவன் சாப்பிடும்போது சொல்வாள், அவன் கேட்டுக்கொள்வான்.

"ஏன் உங்களோடதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்கல்ல," என்று சொல்லிவிட்டு, அவன் முதல் படியைக் காலால் துழாவினான்.