அனுபல்லவியில் சோப்பு

ஜாதவ்பூரில், பாகீரதி வீட்டுக் கொலு முன்னால் அவள் மகள் வைதேகி பாடிக்கொண்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் தமிழ்ச் சங்கக் காரியதரிசியின் மனைவி ஒரு முறை தலையசைத்துவிட்டால் விஜயதசமி மேடை இந்தப் பெண்ணுக்குத்தான். வெளியே பூஜைப் பந்தலின் மேளம் கல்கத்தாவையே தூக்கித் தூக்கிப் போடுகிறது. பல்லவி தேனாக ஓடுகிறது. அனுபல்லவியில் வார்த்தை மறந்துபோக, நாக்கு வழுக்கி, டி.வி.யில் தினமும் வரும் சோப்பு விளம்பரப் பாட்டுக்குள் போய் விழுகிறது. அதுவும் வங்காள மொழியில், சுருதி பிசகாமல்! கொலுப்படியில் இருக்கும் செட்டியார் பொம்மை தராசைக் கீழே வைத்துவிட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன். “என்ன ராகம்டி குழந்தே?” என்கிறேன், சிரிப்பை வெற்றிலையோடு மென்றபடி. “பெங்காலியிலே தேவி கீர்த்தனை, மாமா,” என்று பாகீரதி முந்திக்கொள்கிறாள். அடுத்த வீட்டு வங்காளத்து அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். வைதேகியின் காது மடல்கள் குங்குமமாகச் சிவக்கின்றன. “பரவால்லே, அனுபல்லவியை மறுபடி எடும்மா,” என்கிறாள் காரியதரிசி மனைவி. வைதேகி வாயைத் திறந்தபடி அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். பொறுக்கமாட்டாமல் பாகீரதி மெல்ல அடியெடுத்துக் கொடுக்கிறாள். சோப்புப் பாட்டின் அடுத்த வரி.