கதவுக்கு வெளியே

"நானும் உள்ள வரேன்மா. இடி இடிச்சாலே கட்டிலுக்கடியில ஒளியுற பயந்தாங்கொள்ளி அது. என்னைத் தேடும்."

"வேண்டாம்க்கா. வளர்த்தவங்க அழுதா அது இன்னும் மிரளும்," என்றாள் கால்நடை மருத்துவமனை நர்ஸ். நாய்க்குக் கடைசி ஊசி போடக் கதவு சாத்தப்பட்டது.

நாயை வளர்த்தவள் அதன் கழுத்துப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்காமல் அவள் தோளைத் தொட்டாள்.

"கஷ்டமே படலக்கா. உங்களைத் தேடவே இல்ல. நிம்மதியா தூங்கிடுச்சு."

பெஞ்சில் இருந்தவள் கழுத்துப்பட்டையைச் சுருட்டினாள். இதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். 'வளர்த்தவங்ககிட்ட இதை மட்டும் சொல்லு. அது கதவையே பார்த்து முனகினதைச் சொல்லிடாதே' என்று இந்தப் பெண்ணைப் பழக்கியவளும் அவள்தான்.