வெட்டாத கட்டுரை

"எங்க ரேடியோ பாலைவன வெயில்ல செத்துப்போகுதுன்னு எழுதினீங்கன்னா, இனிமே எங்க விளம்பரமே கிடையாது. உங்க பத்திரிகை இழுத்து மூட வேண்டியதுதான், மேடம்!" என்று கத்தினார் ராணுவத்துக்கு ரேடியோ கருவி விற்கும் கம்பெனியின் அதிகாரி கெண்ட்ரிக்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளிவரும் ராணுவத் தகவல் தொழில்நுட்பப் பத்திரிகையின் ஆசிரியர் வெர்னா அசையவில்லை.

"ஈராக்ல இருக்கிற சிப்பாய்ங்க சொன்னது அது. ஒரு வரிகூட எடுக்க மாட்டேன். உங்களால ஆனதப் பாத்துக்கோங்க."

கெண்ட்ரிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

பக்கம் வடிவமைக்கும் டெல்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பன்னிரண்டு வருஷமா இந்த மிரட்டலுக்குப் பயந்துதானே ஒவ்வொரு கட்டுரையா வெட்டினோம்? இன்னைக்கு மட்டும் எப்படி இவ்வளவு தைரியம்?"

வெர்னா ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"முதலாளி காலைலயே பத்திரிகைய மூடிட்டார். இதுதான் கடைசி இதழ். வெட்டின கட்டுரை அத்தனையும் கொண்டா, ஒண்ணு விடாமப் போட்டுடலாம்!"